சொல்லத் துப்பு: ‘விடாது கருப்பு’ தொடரும் வேங்கைவயலும்

1

துப்பறியும் தொடரைப் பார்க்க உட்காருகிறவரிடம் தொலைக்காட்சி ஒரே ஒரு நிபந்தனைதான் விதிக்கிறது: உனக்கு ஒன்றும் தெரியாது என்று ஒத்துக்கொள். கொன்றது யார் என்று உனக்குத் தெரியாது. கதைக்குள் இருக்கிற ஊர்க்காரர்களுக்கும் தெரியாது. தெரிந்த ஒரே ஆள் கொலைகாரன். தெரிந்துகொள்ளப் போகிற ஒரே ஆள் துப்பறிகிறவர். இந்த ஒப்பந்தத்தில் கைநாட்டு வைத்த பிறகுதான் அடுத்த வாரம் வரைக்கும் காத்துக் கிடக்கிறோம். ‘அந்த டாக்டர்தான்யா பண்ணியிருப்பான், பாரேன்’ என்று டீக்கடையில் பந்தயம் கட்டுகிறோம்.

ஆக, தெரியாமைதான் இந்த வடிவத்தின் மூலதனம். துப்பறியும் கதைக்குள் இரண்டு கதைகள் இருக்கின்றன என்று 1960களில் எழுதினார் த்ஸ்வெதான் தொதரோவ். முதலாவது குற்றத்தின் கதை. அது நடந்து முடிந்துவிட்டது. பிரதிக்குள் அது இல்லை. இரண்டாவது விசாரணையின் கதை. அது நம் கண்முன் நடக்கிறது. இல்லாத முதல் கதையை இரண்டாவது கதை தோண்டியெடுத்து நம் கையில் கொடுத்ததும் பிரதி முடிந்துபோகிறது. டி.வி.யை அணைத்துவிட்டு நிம்மதியாகத் தூங்கப் போகலாம்.

இந்த வடிவம் பெருநகரத்தில் பிறந்தது. நகரத்துக் கூட்டத்தில் தனியொருவனின் தடயம் அழிந்துபோவதுதான் துப்பறியும் கதையின் ஆதி சமூக உள்ளடக்கம் என்றார் வால்டர் பெஞ்சமின். பக்கத்து அறையில் இருப்பவன் யாரென்று தெரியாத இடத்தில்தான் ‘யார்?’ என்ற கேள்விக்கு உயிர் உண்டு. சரி, ஒருத்தரை ஒருத்தர் பேர் சொல்லி, அப்பன் பேர் சொல்லி, தெருவைச் சொல்லி, சாதியைச் சொல்லி அடையாளம் கண்டுகொள்கிற கிராமத்துக்கு இந்த வடிவத்தைத் தூக்கிக்கொண்டு வந்தால் என்ன ஆகும்? அங்கே தெரியாமையை எங்கிருந்து கொண்டுவருவது?

இந்தக் கட்டுரை அந்தக் கேள்வியைப் புதுக்கோட்டை மாவட்டத்திலிருந்து கேட்கிறது. எடுத்துக்கொள்ளும் பிரதி, இந்திரா சௌந்தர்ராஜனின் நாவலிலிருந்து தொலைக்காட்சிக்குப் போன ‘மர்மதேசம்: விடாது கருப்பு’. ஆனால் அதை மட்டும் தனியாக எடுத்துவைத்துப் பேச முடியவில்லை. 2022 டிசம்பருக்குப் பிறகு இந்த மாவட்டத்தில் உட்கார்ந்துகொண்டு, ‘கண்டுபிடிப்பார்களா?’ என்று கேட்கிற எந்தக் கதையையும் வெறும் கதையாகப் பார்க்க முடியாது.

2

கிராமத்துக்கு வருவதற்கு முன்னால் நகரத்துத் துப்பறிவாளர் ஒருவரைப் பார்த்துவிடலாம். 1993இல் தூர்தர்ஷன் ‘பியோம்கேஷ் பக்ஷி’ தொடரை ஒளிபரப்பியது. சரதிந்து பந்த்யோபாத்யாய 1932 முதல் வங்காளியில் எழுதிய கதைகளை பாசு சட்டர்ஜி இந்தியில் எடுத்தார். ரஜித் கபூர் நடித்தார். 2020 ஊரடங்கின்போது தூர்தர்ஷன் அதை மறுபடியும் ஒளிபரப்பியது. கேபிள் வராத காலத்துக் கிராமங்களில் இந்தி தெரியாதவர்களும் தூர்தர்ஷனில் வந்ததைப் பார்த்தார்கள். பாஷை புரியாவிட்டால் என்ன, எந்த முகம் பொய் சொல்கிறது என்று கண்டுபிடிக்க பாஷை எதற்கு?

பியோம்கேஷுக்குத் தன்னை டிடெக்டிவ் என்று சொன்னால் பிடிக்காது. ‘சத்யான்வேஷி’, உண்மையைத் தேடுகிறவன், என்று சொல்லிக்கொள்வார். முதல் கதையிலேயே அவர் கல்கத்தாவின் மெஸ் ஒன்றில் வேறொரு பெயரில் வந்து தங்குகிறார். அந்த மெஸ்ஸை நடத்துபவர் ஒரு ஹோமியோபதி டாக்டர், இனிமையாகப் பேசுகிறவர், கடைசியில் அவர்தான் குற்றவாளி. கவனித்துப் பாருங்கள்: வாடகைக்கு வந்தவன் சொன்ன பேர் பொய், வீட்டுக்காரர் சொன்ன தொழில் பாதிப் பொய். ஊரைவிட்டுப் பிழைக்க வந்த ஆண்கள் அறைக்கு இரண்டு பேராகத் தங்குகிற அந்த இடத்தில் யாரும் யாராக வேண்டுமானாலும் இருக்கலாம். மர்மம் அங்கே இயல்பாகவே விளைகிறது. யாரும் விதைக்க வேண்டியதில்லை.

இன்னொன்றும் உண்டு. கைரேகையை ஆளின் அடையாளமாக அரசு பிடித்துக்கொண்ட கதையும் இதே வங்காளத்தில்தான் தொடங்குகிறது. 1858இல் ஹூக்ளியில் வில்லியம் ஹெர்ஷல் என்ற அதிகாரி ஒப்பந்தக்காரரின் கைப்பதிவை வாங்கினார். 1897இல் கல்கத்தாவில் கைரேகைப் பிரிவு வந்தது. வங்காளிகளின் வழக்கத்தில் ஏற்கெனவே இருந்த ஒரு நாட்டார் அறிவைக் காலனிய அதிகாரம் எடுத்து, அதை அவர்கள் மீதே திருப்பியது என்று கார்லோ கின்ஸ்பர்க் 1979இல் வந்த தன் கட்டுரையில் சொல்கிறார். சத்யான்வேஷியின் உண்மைக்குப் பின்னால் இப்படியொரு அலமாரி இருக்கிறது. யாரைப் பற்றிய உண்மையை யார் சேகரிக்கிறார்கள் என்பது துப்பறியும் கதை ஒருபோதும் கேட்காத கேள்வி.

தமிழில் இந்த வடிவத்தின் மேல் அவநம்பிக்கையும் இருந்தது. ஆரணி குப்புசாமி முதலியாரும் வடுவூர் துரைசாமி ஐயங்காரும் மேற்கத்திய மர்மக் கதைகளைத் தழுவித் தழுவி எழுதிய காலத்தை அடுத்து, 1940களில் தேவனின் ‘துப்பறியும் சாம்பு’ ஆனந்த விகடனில் வந்தான். வங்கிக் குமாஸ்தா, அசடு. ஒன்றும் புரியாமல் எதிலோ போய் முட்டிக்கொள்வான், குற்றவாளி அகப்படுவான், மகா மேதை என்று எல்லோரும் கொண்டாடுவார்கள். தற்செயலுக்குத் தர்க்கம் என்று பேர் வைப்பதைப் பார்த்துச் சிரித்தது அந்தப் பாத்திரம். ஆனால் சாம்புவும் நகரத்துக்காரன்தான். கிராமத்தில் துப்புத் துலக்குவது எப்படி என்ற சிக்கல் அவனுக்கு வரவில்லை.

3

அந்தச் சிக்கலைத் தொலைக்காட்சியில் நேராகச் சந்தித்த தொடர் ‘விடாது கருப்பு’. கே. பாலசந்தரின் மின்பிம்பங்கள் தயாரிப்பில், நாகா இயக்கத்தில், 1990களின் பிற்பாதியில் சன் தொலைக்காட்சியில் வந்தது. சேத்தன், தேவதர்ஷினி போன்றவர்கள் நடித்தார்கள். களம் தோட்டக்காரமங்கலம் என்ற கற்பனைக் கிராமம். அங்கே தப்புச் செய்கிறவர்களைக் கருப்பு தண்டிக்கிறது. வெள்ளைக் குதிரை, அரிவாள், சாட்டை, இருட்டு. இரவில் குதிரைச் சத்தம் கேட்டால் காலையில் ஒரு சேதி இருக்கும்.

முதலில் இதன் சாதனையைச் சொல்லிவிட வேண்டும். ஒரு சிறுவனின் கதையும் ஒரு இளைஞனின் கதையும் மாறிமாறி வருகின்றன. இரண்டும் ஒரே காலத்தில் நடப்பதாக நினைத்தே பார்த்துக்கொண்டிருக்கிறோம். ரொம்ப நாள் கழித்துத்தான் ஒன்று இன்னொன்றின் கடந்தகாலம் என்று உறைக்கிறது. தொதரோவ் சொன்ன இரண்டு கதைகளும் இங்கே ஒன்றின் பின்னால் ஒன்று ஒளிந்துகொள்ளாமல் பக்கத்துப் பக்கத்தில் நடந்துபோகின்றன. முதல் கதை இல்லாமல் போகவில்லை. நம் முன்னாலேயே இருந்தது, நமக்குத்தான் அடையாளம் தெரியவில்லை. வாரம் ஒருமுறை வரும் தொடரில், இடையில் விளம்பரங்களோடு, இதைச் செய்துகாட்டியது சின்ன விஷயமில்லை. அன்றைக்கு அதைப் பார்த்த பிள்ளைகள் நடுவயதை நெருங்கிய பிறகும் அந்தக் குதிரைச் சத்தத்தைப் பற்றிப் பேசினார்கள் என்றால் அதற்குப் பயம் மட்டும் காரணமில்லை. கதை சொன்ன விதமும் காரணம்.

இனி நம் கேள்விக்கு வருவோம். தோட்டக்காரமங்கலத்தில் எல்லாருக்கும் எல்லாரையும் தெரியும். கொலை விழுகிறது. யாருக்கும் தெரியாமல் இருப்பது எப்படி? நகரத்தில் கூட்டம் செய்த வேலையை இங்கே யார் செய்வது? தெய்வம் செய்கிறது. ஊர் முழுக்க ‘கருப்புதான் செஞ்சது’ என்று நம்பினால்தான் மனிதக் குற்றவாளி மறைந்திருக்க முடியும். ஆகவே ஊர் நம்பியே ஆக வேண்டும். மூடநம்பிக்கையில் மூழ்கிக் கிடக்கும் கிராமம் என்ற சித்திரம் இந்தத் தொடரில் சமூக அவதானிப்பிலிருந்து வரவில்லை. வடிவத்தின் தேவையிலிருந்து வருகிறது. துப்பறியும் கதை கிராமத்துக்குள் நுழைய வேண்டுமானால் கிராமத்தார் அறியாதவர்களாக இருக்க வேண்டும். அறியாதவர்களாக ஆக்குவதற்குச் சுருக்கு வழி, அவர்களைப் பக்தர்களாக ஆக்குவது.

பிறகு மருத்துவம் வருகிறது. பிளவுபட்ட ஆளுமை என்ற விளக்கம் வருகிறது. ஒரே உடம்புக்குள் இன்னொரு ஆள். அந்த ஆள்தான் கருப்பு. படித்த பார்வையாளர் ‘அதானே பார்த்தேன்’ என்று ஆசுவாசப்படுகிறார். அறிவியல் விளக்கத்துக்குப் பிறகும் தெய்வத்துக்கு ஒரு கதவைத் திறந்தே வைப்பது இந்திரா சௌந்தர்ராஜன் எழுத்தின் வழக்கம் என்பதால் பக்தருக்கும் குறையில்லை. 2024 நவம்பரில் அவர் காலமானபோது பலரும் அவரைப் பற்றி நினைவுகூர்ந்தது இந்த இரட்டைக் கதவைத்தான். பகுத்தறிவா, பக்தியா என்ற பட்டிமன்றமாகவே இந்தத் தொடரைப் பற்றிய பேச்சு நடந்து முடிந்தது. நமக்கு அந்தப் பட்டிமன்றத்தில் வேலையில்லை. இரண்டு தரப்பும் சேர்ந்து எதை வெளியே தள்ளின என்பதுதான் நம் கவலை.

தலைப்பைப் பாருங்கள். நாவலின் பெயர் ‘விட்டு விடு கருப்பா’. அதில் ஒரு மனிதக் குரல் இருக்கிறது. தெய்வத்தைக் கூப்பிட்டுக் கெஞ்சுகிறது, வாதாடுகிறது. சாமியோடு சண்டை போடவும் உரிமை உள்ள பாஷை அது. நம் பக்கத்துக் கோவில்களில் கேட்டிருக்கிறோமே, ‘என்னடா கருப்பா, கண்ணைத் தொறந்து பாக்க மாட்டியா’ என்று உரிமையோடு ஏசுவதை. தொடரின் பெயரோ ‘விடாது கருப்பு’. கூப்பிடும் குரல் போய்விட்டது. ‘கருப்பா’ என்று அழைக்கப்பட்டவர் ‘கருப்பு’ என்று அஃறிணையாகிவிட்டார். முன்னிலை படர்க்கையாகிவிட்டது, வேண்டுகோள் மிரட்டலாகிவிட்டது. பிறகு அது பத்திரிகைத் தலைப்புகளிலும் அரசியல் பேச்சிலும் சொலவடையாகவே புழங்கியது. உறவின் மொழி பயத்தின் மொழியாக மாறிய இந்தச் சின்ன இலக்கண மாற்றத்துக்குள் தொலைக்காட்சி நாட்டார் தெய்வத்துக்குச் செய்த முழு வேலையும் இருக்கிறது.

இன்னும் பெரிய தலைகீழாக்கம் ஒன்றும் உண்டு. நா. வானமாமலை பதிப்பித்த முத்துப்பட்டன், காத்தவராயன் கதைப்பாடல்களை எடுத்துக்கொள்ளுங்கள், மதுரைவீரனை எடுத்துக்கொள்ளுங்கள். சாதி தாண்டிக் காதலித்தவர்கள், அல்லது அதிகாரத்தோடு மோதியவர்கள், கொல்லப்பட்டுத் தெய்வமானார்கள். எல்லா நாட்டார் தெய்வமும் இப்படி வந்ததல்ல. கருப்பு அய்யனாரின் காவல் தெய்வமாக வேறு வரிசையில் நிற்பவர். ஆனாலும் அந்த மரபில் கொலையைப் பற்றிய நினைவு எப்படிப் பாதுகாக்கப்பட்டது என்பது முக்கியம். அங்கே ‘யார் கொன்றது?’ என்பது மர்மமே இல்லை. பாட்டைக் கேட்கிற அத்தனை பேருக்கும் தெரியும். தெரிந்தும் தண்டிக்க முடியாத கொலையை மறக்கவிடாமல் வைத்திருக்கும் ஏற்பாடுதான் அந்தத் தெய்வம். கொன்றவனின் வாரிசும் வந்து கும்பிட்டாக வேண்டும். போலீசும் கோர்ட்டும் இல்லாத ஊர் எழுதிவைத்த குற்றப் பதிவேடு என்று அதைச் சொல்லலாம்.

தொடர் இதை அப்படியே கவிழ்க்கிறது. அங்கே கொலையுண்டவர் தெய்வம். இங்கே தெய்வம் கொலைகாரன். அங்கே கொல்லப்பட்டவர் மேல் நியாயம். இங்கே செத்தவனெல்லாம் ஏதோ தப்புச் செய்தவன். அங்கே எல்லாருக்கும் தெரியும். இங்கே ஒருத்தருக்கும் தெரியாது. கடைசியில் மனநோய் என்று பெயர் சூட்டப்படும்போது, ஊரின் வரலாறாக இருந்திருக்கக்கூடிய ஒன்று ஒரு தனிமனிதனின் மண்டைக்குள் போய் அடைந்துகொள்கிறது.

4

‘துப்பு’ என்ற சொல்லையே கொஞ்சம் துப்புத் துலக்கலாம். மதுரை வட்டாரத்துக் காவல் முறை பற்றி எழுதிய காலனிய அதிகாரிகள் ‘துப்புக்கூலி’ என்று ஒன்றைக் குறித்துவைத்திருக்கிறார்கள். மாடு களவு போனால், மாட்டுக்காரர் நடுவில் உள்ள ஆளுக்கு ஒரு தொகை கொடுப்பார். மாடு எங்கே கட்டிக் கிடக்கும் என்று சேதி வரும். போய் அவிழ்த்துக்கொண்டு வரலாம். துப்புச் சொல்கிறவருக்குக் களவாண்டது யார் என்று தெரியும். கூலி கொடுக்கிறவருக்கும் அரசல்புரசலாகத் தெரியும். யாரும் பேரைக் கேட்பதில்லை. இதை எழுதிவைத்த அதே அதிகார வர்க்கம்தான் 1871இல் குற்றப் பரம்பரைச் சட்டத்தைக் கொண்டுவந்து, பின்னர் சென்னை மாகாணத்துக்கும் விரித்து, சில சாதிகளைப் பிறவிக் குற்றவாளிகள் என்று பதிவேட்டில் ஏற்றியது. ஆகவே அவர்கள் எழுத்தை எச்சரிக்கையோடுதான் படிக்க வேண்டும். ஆனால் அந்தச் சொல் நமக்கு ஒன்றைக் காட்டுகிறது: ஊரில் துப்பு என்பது கண்டுபிடிக்கப்படுவதல்ல, ஏற்கெனவே இருப்பது. அது எப்போது, யார் வாயிலிருந்து, என்ன விலைக்கு வெளியே வரும் என்பதுதான் விஷயம்.

அதே சொல்லுக்குப் பேச்சில் இன்னொரு பொருளும் உண்டு. ‘கேக்கத் துப்பில்ல’, ‘துப்புக்கெட்டவன்’ என்கிறோம். அங்கே துப்பு என்றால் திராணி. கிராமத்துக் குற்றத்தின் உண்மையான அமைப்பு இந்த இரண்டு பொருளுக்கும் நடுவில் இருக்கிறது. துப்பு இருக்கிறது, சொல்லத் துப்பில்லை. ‘யாருன்னு தெரியாமலா கெடக்கு? நாளைக்கு அவுக வயல்லதான வேலைக்குப் போகணும்’ என்று எத்தனை ஊரில் கேட்கிறோம். ‘தெரியாது’ என்று போலீசிடம் சொல்லப்படும் வார்த்தை, தகவல் இன்மையைக் காட்டுவதல்ல. யாருடைய நிலத்தில் யார் வேலை செய்கிறார்கள், யாருடைய கடையில் யாருக்குக் கடன் என்பதைக் காட்டுவது. துப்பறியும் தொடருக்கு இந்தத் ‘தெரியாது’ புரிவதில்லை. அது மௌனத்தை அறியாமை என்று மொழிபெயர்த்துவிடுகிறது.

‘மர்மதேசம்’ தமிழ்நாட்டு வீடுகளுக்குள் வந்துகொண்டிருந்த அதே ஆண்டுகளில், 1997 ஜூன் 30 அன்று, மதுரை மாவட்டம் மேலவளவில் ஊராட்சித் தலைவர் முருகேசனும் அவரோடு இருந்தவர்களும் பேருந்தை மறித்து வெட்டிக் கொல்லப்பட்டார்கள். பட்டப்பகல். பேருந்து நிறையச் சனம். குதிரைச் சத்தம் இல்லை, இருட்டு இல்லை, முகமூடி இல்லை. ஒதுக்கீட்டுத் தொகுதியில் ஒரு தலித் தலைவர் நாற்காலியில் உட்காரக்கூடாது என்பதைத் தவிர வேறு காரணம் இல்லை. இந்தக் கொலையைத் துப்பறியும் தொடராக எடுக்கவே முடியாது. முதல் பத்து நிமிஷத்தில் முடிந்துபோகும். நம் கிராமங்களில் நடக்கிற பெரிய குற்றங்களில் மர்மம் இல்லை என்பதுதான் அவற்றின் பயங்கரம். அது இல்லாத இடத்தில் அதை உற்பத்தி செய்து விற்றது தொலைக்காட்சி.

5

2022 டிசம்பர் 26. புதுக்கோட்டை மாவட்டம், அன்னவாசல் ஒன்றியம், முத்துக்காடு ஊராட்சி, இறையூரை ஒட்டிய வேங்கைவயல். குழந்தைகளுக்கு அடுத்தடுத்து உடம்புக்கு முடியாமல் போனது. தலித் குடும்பங்களுக்குத் தண்ணீர் தரும் மேல்நிலைத் தொட்டியில் ஏறிப் பார்த்தார்கள். மனித மலம் கலந்திருந்தது.

விசாரிக்க வந்த அன்றைய மாவட்ட ஆட்சியர் கவிதா ராமுவிடமும் காவல் கண்காணிப்பாளர் வந்திதா பாண்டேயிடமும் மக்கள் தொட்டியைப் பற்றி மட்டும் சொல்லவில்லை. டீக்கடையில் தங்களுக்குத் தனிக் குவளை என்றார்கள். அய்யனார் கோவிலுக்குள் தங்களை விடுவதில்லை என்றார்கள். அதிகாரிகள் அவர்களை அழைத்துக்கொண்டு கோவிலுக்குள் போனார்கள். குவளை, கோவில் தொடர்பாக வழக்கும் கைதும் நடந்தன. இதற்கு எந்தத் துப்பறிவாளரும் தேவைப்படவில்லை. தடயவியல் தேவைப்படவில்லை. கேட்டார்கள், சொன்னார்கள், அவ்வளவுதான். அத்தனை காலம் யாரும் கேட்கவில்லை என்பதுதான் அதிலிருந்த ஒரே மர்மம்.

ஆனால் அந்த இரண்டு உண்மைகளும் சீக்கிரமே துணைக்கதையாகிவிட்டன. மையக் கதை ‘தொட்டியில் கலந்தது யார்?’ என்று ஆனது. 2023 ஜனவரியில் வழக்கு சி.பி.சி.ஐ.டி.க்குப் போனது. பாதிக்கப்பட்ட தங்களையே ஒத்துக்கொள்ளச் சொல்லி வற்புறுத்துகிறார்கள் என்று மக்கள் புகார் சொன்னார்கள். மார்ச்சில் சென்னை உயர்நீதிமன்றம் ஓய்வுபெற்ற நீதிபதி எம். சத்யநாராயணன் தலைமையில் ஒருநபர் ஆணையம் அமைத்தது. மரபணுச் சோதனைக்கு ரத்தம் கொடுக்கச் சிலர் மறுத்தார்கள். அதுவும் நீதிமன்றத்துக்குப் போனது. ரத்த மாதிரி, குரல் மாதிரி, செல்பேசிப் பதிவு. செய்தித் தொலைக்காட்சிகள் வாரக்கணக்கில் இதைத் தொடராகவே நடத்தின: அடுத்த திருப்பம் என்ன? ஹூக்ளியில் கைப்பதிவு வாங்கிய அரசு வேங்கைவயலில் ரத்தம் வாங்கியது. கருவி மாறியிருக்கிறது, உடம்பிலிருந்து உண்மையை எடுத்துவிடலாம் என்ற நம்பிக்கை மாறவில்லை.

இரண்டு வருஷத்துக்குப் பிறகு, 2025 ஜனவரியில், குற்றப்பத்திரிகை தாக்கலானது. குற்றம் சாட்டப்பட்ட மூன்று பேரும் பாதிக்கப்பட்ட அதே தலித் மக்களைச் சேர்ந்தவர்கள். ஊராட்சித் தலைவரின் கணவர் மேல் இருந்த முன்விரோதம் காரணம் என்றது அரசுத் தரப்பு. ஊர்க்காரர்கள் மறுத்தார்கள், விடுதலைச் சிறுத்தைகளும் இடதுசாரிக் கட்சிகளும் ஏற்க மறுத்து சி.பி.ஐ. விசாரணை கேட்டார்கள். குற்றப்பத்திரிகை என்பது தீர்ப்பல்ல. அந்த மூவர் செய்தார்களா இல்லையா என்று சொல்ல இந்தக் கட்டுரைக்கு எந்த அருகதையும் இல்லை. நாம் பார்க்க வேண்டியது அதற்கடுத்து நடந்ததை. குற்றம் சாட்டப்பட்டவர்களும் தலித்துகள் என்பதால் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் பொருந்தாது என்று சொல்லப்பட்டு, 2025 பிப்ரவரியில் வழக்கு சிறப்பு நீதிமன்றத்திலிருந்து நீதித்துறை நடுவர் நீதிமன்றத்துக்கு மாற்றப்பட்டது.

இதன் அர்த்தத்தை நிதானமாக யோசித்துப் பாருங்கள். துப்பறியும் கதையில் ‘யார்’ என்ற கேள்விக்கு என்ன பதில் வந்தாலும் நடந்த குற்றம் மாறாது; கொலை கொலைதான். இங்கே ‘யார்’ என்பதற்குக் கிடைத்த பதில், ‘என்ன நடந்தது’ என்பதையே மாற்றியது. வன்கொடுமை என்று தொடங்கிய ஒன்று ஆள் மாறியதும் முன்விரோதமாகிவிட்டது. கூடவே இன்னொரு கைவேலையும் நடந்தது. தனிக் குவளையும் பூட்டிய கோவிலும் முதல் நாள்களிலேயே வெளியே வந்த உண்மைகள். அவற்றைச் செய்தது யார் என்பதில் இரகசியமே இல்லை. ஆனால் ‘அவங்களே போட்டுக்கிட்டது’ என்ற ஒரு வாக்கியம் ஊரெல்லாம் சுற்றியபோது, அந்த உண்மைகளும் சேர்ந்து பொய்யாகிவிட்டதுபோல ஒரு நிம்மதி பரவியது. கடைசி அத்தியாயம் பார்த்து முடித்த நிம்மதி.

தொட்டி யாருக்கானது என்று ஊரே பிரித்து வைத்திருந்ததால்தான் அதில் எறியப்பட்ட ஒன்று குறிப்பிட்ட மக்களின் வாய்க்குப் போய்ச் சேர்ந்தது. எறிந்த கை எதுவாக இருந்தாலும் அந்தக் குழாயைப் பதித்த ஏற்பாடு அதற்கும் முந்தியது. அதற்கு மரபணு கிடையாது.

6

அப்படியானால் ‘யார்’ என்று கேட்கவே கூடாதா? அப்படிச் சொன்னால் அது வசதியானவர்களின் தத்துவமாகப் போய்விடும். ‘சமூகம்தான் குற்றவாளி’ என்று சொல்லித் தனி ஆள்களைத் தப்பவிட்ட கதையும் நம்மிடம் உண்டு. 1968இல் கீழ்வெண்மணியில் 44 பேர் எரித்துக் கொல்லப்பட்டார்கள்; உயர்நீதிமன்றத்தில் குற்றம் சாட்டப்பட்டவர்கள் விடுதலையானார்கள். அங்கே இல்லாமல் போனது துப்பு அல்ல. தெரிந்த பேரைச் சட்டத்தின் முன்னால் நிற்க வைக்கிற துப்பு. பெயரும் தண்டனையும் பாதிக்கப்பட்டவர்களின் உரிமை. மேலவளவு வழக்கில் தண்டனை வாங்கிக் கொடுக்க எத்தனை பேர் எத்தனை வருஷம் அலைந்தார்கள் என்பது இந்த இதழின் வாசகர்களுக்குத் தெரியும்.

நாம் சொல்வது வேறு. ‘யார்’ என்ற கேள்வியை மட்டும் கேட்கிற வடிவம், அதன் பதிலோடு கதையை முடித்துவிடுகிறது. நம் இயக்கங்களும் பல நேரம் அந்த வடிவத்துக்குள்ளேயே நின்று போராடுகின்றன. சி.பி.சி.ஐ.டி. வேண்டாம், சி.பி.ஐ. வேண்டும் என்பது அவசியமான கோரிக்கையாக இருக்கலாம். ஆனால் அது இன்னும் நல்ல துப்பறிவாளர் வேண்டும் என்ற கோரிக்கையும்தான். வரப்போகிற பதில் எதுவானாலும் அதற்குக் கட்டுப்படாத கோரிக்கைகள் பக்கத்தில் நிற்க வேண்டும்: சாதிவாரியாகப் பிரித்த தண்ணீர்த் தொட்டிகளின் கணக்கு, குவளைகளின் கணக்கு, பூட்டிய கோவில்களின் கணக்கு. இவற்றை எடுக்கச் சத்யான்வேஷி தேவையில்லை. ஊராட்சிக்கு ஊராட்சி போய்க் கேட்கிற ஆள் போதும். சொன்னவருக்கு மறுநாள் வேலை போகாது என்ற உத்தரவாதம் போதும்.

தொடருக்கும் இதே அளவுகோல்தான். ‘விடாது கருப்பு’க்குப் பிறகு வடிவம் பளபளப்பாகிவிட்டது. 2022 ஜூனில் ஓ.டி.டி.யில் வந்த ‘சுழல்’ நாவலிலிருந்து எடுத்ததல்ல. ஆனாலும் அதுவும் மயானக்கொள்ளைத் திருவிழாவைப் பின்னணியில் ஓடவிட்டுத்தான் துப்பறிந்தது. கேமரா அழகாகப் படம் பிடிக்கிறது: சாமியாட்டம், தீப்பந்தம், குதிரை. குளமங்கலத்து அய்யனார் கோவிலில் 33 அடி உயரக் குதிரை இருக்கிறது. மாசிமகத்தன்று அதன் கழுத்தில் ஆயிரக்கணக்கில் காகித மாலைகள் விழும். எந்தத் தொடருக்கும் அது அருமையான ‘லொகேஷன்’. ஆனால் நம் பக்கத்துக் குதிரைகளின் அடியில் நின்று கேட்க வேண்டிய கேள்வி, இரவில் இதில் ஏறிப் போவது யார் என்பதல்ல. பகலில் இதன் பக்கத்தில் வந்து நிற்க யாருக்கு அனுமதி இல்லை என்பது. தோட்டக்காரமங்கலத்தில் கருப்பு அத்தனை பேரின் குற்றத்தையும் தண்டித்தது. தன் சந்நிதிக்குள் ஒரு தெருக்காரர்களை விடாமல் வைத்திருந்த குற்றத்தை மட்டும் அது தண்டித்ததாக நினைவில்லை. அப்படியொரு குற்றம் இருப்பதாகவே அந்தக் கதைக்குத் தெரியாது.

நல்ல கிராமத்துத் துப்பறியும் தொடர் ஒன்று தமிழில் வரலாம். அதில் கொன்றது யார் என்று முதல் காட்சியிலேயே எல்லாருக்கும் தெரிந்திருக்கும். பார்க்கிற நமக்கும் தெரியும். மீதி அத்தியாயங்கள் பூராவும், அதை முதலில் யார் வாய்விட்டுச் சொல்வது, சொன்னவர் வீட்டு அடுப்பு மறுநாள் எரிந்ததா என்பதாக இருக்கும்.